கல் இல்லாத கரையில் உலோகத்தின் கணக்கு

காரைக்கால் மாவட்டத்தில் எந்த மூலையில் தோண்டினாலும் வண்டலும் களியும் மணலும்தான் வரும். அரசலாறும் திருமலைராயனாறும் நூலாறும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய மண் அது. வீட்டு அடித்தளத்துக்குக் கருங்கல் ஜல்லி வேண்டுமென்றால்கூட மேற்கேயிருந்து லாரியில் வர வேண்டும். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தத் துண்டு நிலத்தில் இரும்புக்கோ செம்புக்கோ அலுமினியத்துக்கோ தாது கிடையாது.

ஆனால் இந்த ஊரின் பெயரைத் தாங்கிய உலோகம் உலகப் புகழ் பெற்றது. எலும்பு தெரிய, கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரின் சோழர்காலச் செப்புத் திருமேனிகள் அமெரிக்காவில் கான்சாஸ் நகர நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. டெல்டாவுக்குள் சற்று உள்ளே போனால் சுவாமிமலையில் இன்றும் காவிரி வண்டலைக் குழைத்து மெழுகின்மேல் பூசிச் சிலை வார்க்கிறார்கள். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு கடைகிறார்கள். மண் மட்டும் உள்ளூர்ச் சரக்கு. செம்பு, துத்தநாகம், ஈயம், வெள்ளீயம் எல்லாமே எப்போதும் வெளியிலிருந்துதான். சோழர் சிலைகளுக்கு அவ்வளவு செம்பு எங்கிருந்து வந்தது என்பது இன்னும் முடியாத வழக்கு. கலை வரலாற்றாசிரியர் வித்யா தெஹேஜியா, திருகோணமலைப் பக்கத்துச் சேருவிலையைச் சுட்டுகிறார். கடல் தாண்டினால் எட்டிவிடும் தூரம் என்பதால் அந்த ஊகத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் ஊகம் ஊகம்தான்.

உலோகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சுரங்கத்திலிருந்து தொடங்குவார்கள். தாது இருக்கும் ஊரில் நின்று பார்த்தால் கண்ணை நிறைப்பது குடைந்த மலைதான். தாதுவே இல்லாத கரையில் நின்றால் இன்னொன்று தெரிகிறது. தாதுவைத் தோண்டுவதில் முடிகிற வேலை இல்லை இது. உலோகத்தை இறுகப் பிடித்திருக்கும் ஆக்சிஜனை எதைக் கொடுத்துப் பிரிப்பது என்பதே கேள்வி. கரியா, கல்கரியா, மின்சாரமா என்பதை வைத்துத்தான் உலை எங்கே எரியும், எப்போது அணையும் என்பது தீர்மானமாகிறது. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையின் கடந்த 200 ஆண்டுகள் இதற்கு நல்ல சாட்சி.

தங்கம் பெரும்பாலும் தனியாகவே கிடைக்கிறது. ஆற்று மணலை அரித்தால் போதும். செம்பு ஆக்சிஜனையும் கந்தகத்தையும் அவ்வளவு கெட்டியாகப் பிடிப்பதில்லை. இரும்பின் பிடி அதைவிட இறுக்கம். அலுமினியத்தின் பிடி எல்லாவற்றையும் விட இறுக்கம். மனிதன் இவற்றைக் கையாளத் தொடங்கிய வரிசையும் ஏறக்குறைய இதுதான். அலுமினியத்துக்கு 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலோக ஆக்சைடோடு கரியைச் சேர்த்துச் சூடேற்றினால், கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடாக வெளியேறும். இதைத்தான் ஒடுக்கம் என்கிறோம். வெப்பம் ஏற ஏற உலோகங்களின் பிடி தளரும், கரியின் பறிக்கும் பலம் கூடும். இரும்பு ஆக்சைடைக் கரி சுமார் 700 பாகை செல்சியஸிலிருந்தே தோற்கடிக்கத் தொடங்கிவிடும். அலுமினிய ஆக்சைடான அலுமினா விஷயத்தில் அதற்கு 2000 பாகைக்கு மேல் வேண்டும். ஹரால்ட் எல்லிங்காம் 1944-ல் வெளியிட்ட ஒரு வரைபடம் இந்தப் போட்டிகள் அனைத்தையும் ஒரே தாளில் சாய்கோடுகளாக அடக்கியது. உலோகவியல் மாணவர்களுக்கு அது இன்றும் பாலபாடம். சேலத்துக் கொல்லர்களுக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை.

தமிழ்நாட்டில் இரும்பின் வயது பற்றி இப்போது சூடான விவாதம் நடக்கிறது. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை, தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் இரும்பின் பயன்பாட்டைக் கி.மு. 3345 வரை கொண்டுபோகிறது. அதற்கு முன் கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையிலிருந்து கி.மு. 2172 என்ற கணக்கு வந்திருந்தது. ஆய்வாளர் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலம் கணிக்கப்பட்டவை இரும்புத் துண்டுகள் அல்ல. அவற்றோடு கிடைத்த கரியும் பானை ஓடுகளும்தான். இரும்பின் வரலாற்றைக் கரியை வைத்து எழுத வேண்டியிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சேலத்துக்கு மேற்கே உள்ள கஞ்சமலை, காந்தத் தாதுவும் குவார்ட்ஸ் கல்லும் பட்டை பட்டையாக அடுக்கிய மலை. அங்கே நடந்த பழைய உருக்கு முறையை ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் நேரில் பார்த்து 1839-ல் கட்டுரையாக எழுதினார். அவர் சொல்வதை நம் மொழியில் சுருக்கினால் இப்படி இருக்கும். தாதுக்கல்லை இடித்து, குவார்ட்ஸ் போகும்படி அரித்தோ புடைத்தோ எடுப்பார்கள். உலை முழுக்கக் களிமண். தரைக்கு மேல் மூன்று முதல் ஐந்தடி உயரம், அடியில் அகன்று மேலே குறுகும். இரண்டு ஆட்கள் சில மணி நேரத்தில் கட்டிவிடுவார்கள்; மறுநாள் அது வேலைக்குத் தயார். ஆட்டுத்தோல் துருத்தி இரண்டு, மூங்கில் மூக்கு, அதன் நுனியில் களிமண் குழாய். ஒரு துருத்தி மூடும்போது மற்றது திறக்கும், காற்று இடைவிடாது போகும். உலையைக் கரியால் நிரப்பிப் பற்றவைத்த பிறகு தாதுப்பொடியையும் கரியையும் மாறி மாறிப் போடுவார்கள். பொடியைச் சற்று ஈரமாக்கிப் போடுவது நுட்பம். காய்ந்த பொடி கரித்துண்டுகளுக்கு இடையே வழுகி, ஒடுங்குவதற்கு முன்பே அடிக்கு ஓடிவிடும். மூன்று, நான்கு மணி நேரத்தில் வேலை முடியும். உலையின் முன்பக்கத்தை உடைத்துக் கட்டியை இழுத்து மரச் சம்மட்டியால் அடித்துக் கசடைப் பிழிவார்கள்.

அந்தக் கட்டி உருகி ஓடிய இரும்பு அல்ல. இரும்பு உருக 1538 பாகை வேண்டும். மண் உலை அதைத் தொடுவதில்லை. திடமாகவே ஒடுங்கி, கசடோடு பின்னிப் பிணைந்த பஞ்சு போன்ற திரள் அது. சுண்ணாம்பு சேர்க்காததால் குவார்ட்ஸ் தன் பங்குக்கு இரும்பு ஆக்சைடையே பிடித்துக்கொண்டு கசடாகும். எனவே தாதுவிலிருந்த இரும்பில் பாதிக்கும் மேல் கசடோடு போய்விடும். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் இதைப் பெரிய விரயம் என்று எழுதினார்கள். விரயம்தான். ஆனால் தாது மலைபோல் கிடந்த இடத்தில், கரியை மிச்சப்படுத்துவதைவிடத் தாதுவை மிச்சப்படுத்துவது புத்திசாலித்தனம் என்று எந்தக் கொல்லரும் நினைத்திருக்க மாட்டார்.

இந்த இரும்பை எஃகாக்கும் முறையையும் ஹீத் எழுதியிருக்கிறார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, உமிக்கரி கலந்த களிமண்ணால் செய்த மூசையில் இடுவார்கள். அதோடு ஆவாரஞ்செடியின் காய்ந்த குச்சிகளைப் போட்டு, எருக்கிலை போன்ற பச்சை இலை ஒன்றிரண்டை மேலே வைத்து, களிமண் திணித்து மூடுவார்கள். மண் காய்ந்ததும் 20 முதல் 24 மூசைகளை வளைவாக அடுக்கிக் கரியால் மூடி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். மூசையை உடைத்தால் உள்ளே எஃகு. ஒரு மூசையில் ஏறக்குறைய ஒரு பவுண்டு. குச்சியிலும் இலையிலும் இருந்த கார்பன் இரும்புக்குள் ஏறி, உருகும் வெப்பத்தைக் குறைத்து, முழுவதும் உருகச் செய்துவிடும். ஐரோப்பா இதே முறையை மூசை எஃகு என்ற பெயரில் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பெரிய அளவில் கைக்கொண்டது.

ஹீத் வெறும் பார்வையாளர் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசுப் பணியை விட்டுவிட்டு, சேலத்துத் தாதுவை ஆங்கில முறையில் உருக்கிக் காசு பார்க்கக் கிளம்பிய மனிதர். அவர் உலை வைத்த இடம் கஞ்சமலை அடிவாரம் அல்ல, பரங்கிப்பேட்டை. காரைக்காலுக்கு வடக்கே கொள்ளிடம் தாண்டி, வெள்ளாறு கடலில் கலக்கும் இடம். 1830 வாக்கில் அங்கே ஊது உலை எழுந்தது. 1833-ல் இங்கிலாந்து மூலதனத்தோடு கம்பெனியும் வந்தது. பின்னாளில் மலபார்க் கரையில் பேப்பூரிலும் உலைகள் வைத்தார்கள்.

மலையில் இருக்கும் தாதுவுக்குக் கடலோரத்தில் ஏன் உலை? சரக்கு போகவேண்டிய சந்தை இங்கிலாந்து, அது ஒரு காரணம். ரயில் இல்லாத காலம், மாட்டுவண்டிக் கூலி கட்டாது, அது இன்னொன்று. நீர்வழி மட்டும்தான் மலிவு. சேலம் தாது காவிரிக் கரைக்கு வந்து, பரிசல்களில் ஏறி, காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதந்து, கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டையை அடைந்தது. இளக்கியாகச் சுண்ணாம்பு வேண்டுமே என்றால், கரையில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல முடியாத திட்டம்.

கரி மட்டும் கணக்கில் சரியாக வரவில்லை. அந்தக் காலத்து ஊது உலையில் ஒரு டன் இரும்பு எடுக்க ஓரிரு டன்னுக்குக் குறையாத மரக்கரி போகும். ஒரு டன் மரக்கரிக்கு நான்கைந்து டன் விறகு எரிய வேண்டும். ஆக ஒரு டன் இரும்பு பத்து டன் வரை காட்டைத் தின்கிறது. ஊருக்கு ஊர் சிதறிக் கிடந்த மண் உலைகள் அங்கங்கே கிடைத்த சுள்ளியில் பிழைத்தன. பெரிய உலை ஒரே இடத்தில் நாள்தோறும் பசியோடு நின்றது. தென்னார்க்காட்டுப் புதர்க்காடு அதற்குப் போதவில்லை. பக்கத்துக் காடு தீரத் தீர, கரி வரும் தூரம் கூடிக்கொண்டே போனது. கம்பெனி பிற்பாடு காடு இருக்கும் இடம் தேடிச் சேலம் மாவட்டத்தில் காவிரிக் கரையிலும் திருவண்ணாமலைப் பக்கமும் உலை வைத்ததிலிருந்தே நோய் எதுவென்று தெரிகிறது. அப்போது இங்கிலாந்து நிலக்கரியிலிருந்து எடுத்த கல்கரியால் இரும்பை மலையாகக் குவித்துக்கொண்டிருந்தது. 1853-ல் புதிய கம்பெனியாக மறுபிறவி எடுத்தும் பலனில்லை. 1860-களில் பரங்கிப்பேட்டை உலை அணைந்தது.

இந்தத் தோல்வியை ஹீத்தின் நிர்வாகக் குறை, கடன், அனுபவமில்லாத ஆட்கள் என்று விளக்குவோர் உண்டு. அவையும் இருந்தன. ஆனால் நிர்வாகம் மாறி, ஆட்கள் மாறி, பெயரே மாறியும் மாறாதது கரிக்கணக்கு ஒன்றுதான். பரங்கிப்பேட்டை இரும்பு தரத்தில் சளைத்ததல்ல. மரக்கரியில் கந்தகம் இல்லை என்பதால் இரும்பிலும் கந்தகம் ஏறவில்லை. கல்கரி இரும்போடு ஒப்பிட்டால் எஃகுக்கு ஏற்றது. ஷெஃபீல்டு ஆலைகள் சுவீடன் மரக்கரி இரும்பை விரும்பியதும் இதே காரணத்துக்காகத்தான். வேல்ஸ் நாட்டில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பு சேர்ந்தது என்று பழைய குறிப்புகள் பெருமையோடு சொல்கின்றன.

ஹீத்தின் மிச்சக் கதை சோகமானது. 1839-ல் அவர் இங்கிலாந்தில் மாங்கனீசு சேர்த்து மூசை எஃகு செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல எஃகு வந்தது, விலை சரிந்தது. மாங்கனீசு கார்பைடைத் தனியாகச் செய்து போடத் தேவையில்லை, மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் நேரே மூசையில் போட்டாலே போதும் என்பதை அவரே தம் முகவரிடம் சொன்னார். காப்புரிமையில் எழுதியிருந்தது கார்பைடு மட்டும். முகவர் ஆக்சைடைப் போட்டுக்கொண்டு பணம் தர மறுத்தார். வழக்கு பல ஆண்டுகள் இழுத்து, 1851-ல் ஹீத் இறந்து, 1855-ல் பிரபுக்கள் சபையில் அவர் பக்கம் தோற்று முடிந்தது. ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் மூசையில் போட்ட சேலத்துக்காரர்களிடம் யாரும் காப்புரிமை கேட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

கஞ்சமலைத் தாது பிறகும் ஆசை காட்டிக்கொண்டே இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சேலம் உருக்காலை வேண்டும் என்று எழுந்த குரலின் அடிப்படைக் கற்பனை கஞ்சமலைத் தாதுவும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும். கல்கரி ஆகக்கூடிய நிலக்கரி தமிழ்நாட்டில் இல்லை. நெய்வேலிக் கரி ஈரம் மிகுந்தது, நொறுங்குவது. ஊது உலைக்குள் தாதுவின் சுமையைத் தாங்கி, காற்றுப் போக இடம் விட்டு நிற்கும் வலு அதற்கு வராது. கல்கரி எரிந்தால் மட்டும் போதாது, தூணாகவும் நிற்க வேண்டும் என்பதை வெளியில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கடைசியில் கஞ்சமலை அடிவாரத்தில் 1980-களின் தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்த ஆலை வெளியிலிருந்து வாங்கிய எஃகைத் துருப்பிடிக்காத தகடாக உருட்டியது. மலை பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது. மேட்டூர் சாலையில் பொட்டனேரியில் இருக்கும் தனியார் ஆலை ஊது உலையில் இரும்பு எடுக்கிறது. அதற்கும் தாது கர்நாடகத்திலிருந்து ரயிலில் வருகிறது, கல்கரிக்கான நிலக்கரி கப்பலில் வருகிறது.

கப்பல் என்றதும் காரைக்காலுக்குத் திரும்பலாம். நாகூரை ஒட்டி கீழவாஞ்சூரில் 2009-ல் இயங்கத் தொடங்கிய தனியார் துறைமுகம், 2023 ஏப்ரலில் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. அங்கே இறங்கும் சரக்கில் பெரும்பங்கு நிலக்கரி. மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் அது ரயிலிலும் லாரியிலும் மேற்கே போகிறது. பரங்கிப்பேட்டையில் தாது கிழக்கே வந்தது. இங்கே கரி மேற்கே போகிறது. ஆற்றின் போக்கில் வந்த சரக்கு எரிபொருள் இல்லாமல் நின்றுபோன கரையிலிருந்து, 150 ஆண்டு கழித்து எரிபொருள் எதிர்த்திசையில் ஏறுகிறது. அதன் தூசி துறைமுகத்துக்குத் தெற்கே நாகூர் வீடுகளின் திண்ணையில் படிகிறது என்று ஊர்மக்கள் ஆண்டுக்கணக்காகப் போராடி வருகிறார்கள். உலோகத்தின் விலையில் இந்தத் தூசிக்கு எந்த வரியும் கிடையாது.

செம்பின் கதை வேறு மாதிரி. இன்று உலகில் எடுக்கப்படும் செம்பில் பெரும்பகுதி சல்பைடுத் தாதுவிலிருந்து வருகிறது. சுரங்கத்திலிருந்து வரும் கல்லில் செம்பு நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. எனவே கல்லை மாவாக அரைத்து, தண்ணீரில் எண்ணெய்ப் பொருள் கலந்து காற்றை ஊதி நுரையாக்குவார்கள். சல்பைடுத் துகள்கள் நுரையில் ஒட்டி மேலே மிதக்கும், வெறுங்கல் அடியில் தங்கும். வழித்தெடுத்த அடர்தாதுவில் செம்பு 25 முதல் 30 விழுக்காடு ஆகிவிடும். இனி நடப்பதில் கரிக்குப் பெரிய வேலை இல்லை. கந்தகமும் இரும்பும் காற்றில் எரிந்தே வேண்டிய வெப்பத்தில் பெரும்பங்கைத் தந்துவிடும். இரும்பு மணலோடு சேர்ந்து கசடாகும். மிஞ்சிய செம்பு சல்பைடில் மேலும் காற்றை ஊதினால் கந்தகம் போய்ச் செம்பு நிற்கும். அதை நேர்மின்வாயாக அமிலக் குளியலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தினால் 99.99 விழுக்காடு தூய செம்பு எதிர்ப்பக்கத்தில் படியும். அடியில் தேங்கும் சேற்றில் வெள்ளியும் தங்கமும் இருக்கும்.

அப்படியானால் செம்பு எரிபொருளைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது. அந்த எரிபொருளின் புகைதான் வில்லங்கம். ஒரு டன் செம்புக்கு வெளியேறும் கந்தக டைஆக்சைடைப் பிடித்தால் சுமார் மூன்று டன் கந்தக அமிலம் கிடைக்கும். அமிலம் பாஸ்பேட் பாறையைக் கரைத்து உரத்துக்கு வழி செய்யும். டெல்டாவில் குறுவைக்கும் சம்பாவுக்கும் வயலில் வீசும் டிஏபி உரத்தின் பின்னால் இப்படியோர் உலோக ஆலை நிற்கக்கூடும். பிடிக்காமல் விட்டால் அது மூச்சில் ஏறும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை இறக்குமதி அடர்தாதுவில் ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் செம்பு எடுக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. 2018 மே 22, 23-ல் அதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரியில் நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. தூத்துக்குடியிலும் தாது இல்லை. அதுவும் கரையோரத்து ஆலைதான். அதை நிறுத்தியது எரிபொருள் பற்றாக்குறை அல்ல என்பது மட்டுமே பரங்கிப்பேட்டையோடு அதற்குள்ள வேறுபாடு.

நாச்சியார்கோவில் விளக்கின் பித்தளைக்குத் துத்தநாகம் வேண்டும். அது ஒரு விசித்திர உலோகம். 907 பாகையிலேயே ஆவியாகிவிடும். கரியால் ஒடுக்கவோ அதற்கும் மேலே சூடு வேண்டும். ஆக உலையில் பிறக்கும்போதே வாயுவாகப் பிறந்து, காற்றுப் பட்டதும் மீண்டும் ஆக்சைடாகிவிடும். ராஜஸ்தானில் ஜாவர் மக்கள் இதற்குக் கண்ட வழி அபாரமானது. தாதுவையும் கரியையும் கத்தரிக்காய் வடிவ மண்குடுவையில் அடைத்து, அதைத் தலைகீழாக நிறுத்தி, மேலே சூடேற்றி, ஆவியைக் காற்றுப்படாமல் கீழே குளிர்ந்த பாத்திரத்துக்குள் இறக்கினார்கள். ஓர் உலையில் 36 குடுவைகள். ஐரோப்பாவில் துத்தநாகத்தைத் தொழிலாக எடுக்கத் தொடங்கியது 18-ஆம் நூற்றாண்டில்தான்.

அலுமினியத்துக்கு வந்தால் கரி தோற்றுவிடுகிறது. பாக்சைட்டிலிருந்து அலுமினியம் எடுப்பது இரண்டு தனித்தனி வேலை. கார்ல் பாயர் 1880-களின் இறுதியில் வகுத்த முறைப்படி, அரைத்த பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் அழுத்தத்தில் வேகவைத்தால் அலுமினா மட்டும் கரையும். இரும்பு ஆக்சைடும் மற்றவையும் செஞ்சேறாக அடியில் தங்கும். தெளிந்த கரைசலைக் குளிரவைத்து வீழ்படிவெடுத்து வறுத்தால் வெள்ளைப் பொடியாக அலுமினா. அதை உருக்க 2072 பாகை வேண்டும். அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமல், 1886-ல் ஒரே வழியைக் கண்டார்கள். இருவரும் 1863-ல் பிறந்தவர்கள், 1914-ல் இறந்தவர்கள். உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினா சர்க்கரைபோலக் கரையும்; வெப்பம் 960 பாகைக்கு இறங்கிவிடும்; அதில் மின்சாரம் செலுத்தினால் அலுமினியம் அடியில் சேரும். எரூ பரிசோதனை செய்தபோது காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. அந்தக் கண்டுபிடிப்பின் பலன் நம் பக்கத்துக்கு வர மேட்டூரில் அணை கட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு டன் அலுமினியத்துக்கு நான்கைந்து டன் பாக்சைட், இரண்டு டன் அலுமினா, 400 கிலோவுக்கு மேல் கரி மின்வாய், 13,000 முதல் 15,000 யூனிட் மின்சாரம். இந்தக் கணக்கில் எது தீர்மானிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் உண்டு, மேட்டூரில் மின்சாரம் உண்டு என்று நம்பி, இத்தாலியத் தொழில்நுட்ப உதவியோடு மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியது. புனல் மின்சாரம் பருவமழையை நம்பியது, கோடையில் வெட்டு. பின்னாளில் கம்பெனி சொந்தமாக நிலக்கரி மின் நிலையம் கட்டிக்கொண்டது. 2008-ன் இறுதியில் உலகச் சந்தையில் அலுமினிய விலை விழுந்தபோது உருக்காலையை நிறுத்திவிட்டு, அந்த மின்சாரத்தை மாநில மின்கட்டமைப்புக்கு விற்கத் தொடங்கினார்கள். மலையில் தாது தீர்ந்துவிடவில்லை. ஒரு டன் அலுமினியத்துக்குள் போகும் 14,000 யூனிட், அலுமினியமாக மாறாமல் இருந்தால் அதிக விலை போனது. அவ்வளவுதான். ஹீத்துக்கு இது புரிந்திருக்கும்.

காரைக்காலில் தாது இல்லை, ஆனால் கடல் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்தை அடுத்த மேலவாஞ்சூரில் கெம்பிளாஸ்ட் சன்மார் நிறுவனத்தின் காஸ்டிக் சோடா ஆலை இயங்குகிறது. பாக்சைட்டை வேகவைக்கும் அதே காஸ்டிக் சோடா. தெற்கே வேதாரண்யத்தில் அந்நிறுவனத்துக்கு உப்பளங்கள் உண்டு. உப்புக்கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் காஸ்டிக் சோடா. முன்பு பாதரச மின்கலங்களில் சோடியம் என்ற உலோகமே ஒரு கணம் பிறந்து, பாதரசத்தில் கரைந்து, பிறகு தண்ணீரைத் தொட்டுச் சோடாவானது. பாதரசம் நிலத்திலும் நீரிலும் சேர்ந்ததால் அந்த முறை கைவிடப்பட்டு, இப்போது சவ்வு மின்கலங்கள். அவற்றில் உலோகம் பிறப்பதில்லை. பிறப்பது ஹைட்ரஜன்.

இது பக்கவிளைவுச் சரக்கு என்பதால் யாரும் அதிகம் கவனிப்பதில்லை. பொதுவாக இத்தகைய ஆலைகளில் ஹைட்ரஜன் கொதிகலனில் எரியும், உருளைகளில் அடைபடும், அல்லது குளோரினோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகும். ஆனால் கரிக்குப் பதிலாக இரும்பை ஒடுக்கக்கூடிய வாயு அதுதான். கரி ஆக்சிஜனைப் பறித்தால் கார்பன் டைஆக்சைடு வரும். ஹைட்ரஜன் பறித்தால் தண்ணீர் வரும். சுவீடனில் லூலியோ நகரின் சோதனை ஆலையில் எடுத்த ஹைட்ரஜன் இரும்பிலிருந்து செய்த எஃகு 2021-ல் முதன்முதலாக வாடிக்கையாளர் கைக்குப் போனது. ஒரு டன் எஃகுக்குச் சுமார் இரண்டு டன் கார்பன் டைஆக்சைடு விடும் ஊது உலைகளுக்கு மாற்றாக உலகம் இதைப் பார்க்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 டன் காஸ்டிக் சோடா செய்தால் இரண்டரை டன் ஹைட்ரஜன் வரும். கஞ்சமலையின் காந்தத் தாதுவிலிருந்து ஒரு டன் இரும்பு எடுக்க, வேதிச் சமன்பாட்டின்படி, 48 கிலோ ஹைட்ரஜன் போதும். ஆக 52 டன் இரும்பு. நடைமுறையில் இவ்வளவு சிக்கனமாக வராது. வாயுவை மிகுதியாகச் செலுத்தித் திரும்பத் திரும்பச் சுழற்ற வேண்டும், வெளியிலிருந்து வெப்பமும் கொடுக்க வேண்டும். ஹைட்ரஜனின் ஒடுக்கம் வெப்பத்தை உறிஞ்சுவது. இருந்தாலும் அளவு சிறியதல்ல.

இதற்கும் அடியில் ஒரு கேள்வி உண்டு. அந்த 100 டன் சோடாவுக்கு இரண்டு லட்சம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். திருமலைராயன்பட்டினத்தில் 2000-ல் இயங்கத் தொடங்கிய 32.5 மெகாவாட் மின் நிலையம் நரிமணம் பக்கத்து இயற்கை வாயுவில் ஓடுகிறது. அந்த வாயுவே உலகின் பல ஆலைகளில் நேரடியாக இரும்பை ஒடுக்கப் பயன்படுகிறது. அதை எரித்து மின்சாரமாக்கி, மின்சாரத்தால் உப்பைப் பிரித்து, வரும் ஹைட்ரஜனால் இரும்பெடுப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. காற்றிலிருந்தோ வெயிலிலிருந்தோ வரும் மின்சாரமானால் கணக்கு வேறு. நிலக்கரி மின்சாரமானால், கீழவாஞ்சூரில் இறங்கும் அதே கரி, உலைக்குப் பதிலாகக் கொதிகலனில் எரிகிறது.